செம்புத் தகட்டில் ஒரு கனவின் இரவு: கிளிங்கர், ரோப்ஸ் வழியில் எட்சிங்

ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் கிளிங்கர் 1881இல் வெளியிட்ட ‘ஒரு கையுறை’ தொடரில் பத்துத் தகடுகள் உண்டு. ஒன்பதாவது தகட்டின் பெயர் ‘கடத்தல்’. சிறகு முளைத்த ஊர்வன மிருகம் ஒன்று பெண்ணின் கையுறையை அலகில் கவ்விக்கொண்டு இருட்டுக்குள் பறக்கிறது. உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக இரண்டு கைகள் அதைப் பிடிக்க நீள்கின்றன. தகட்டின் அளவு சுமார் 12க்கு 27 செ.மீ. ஒரு தபால் உறையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். இது எட்சிங்: செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு இழுத்து, மெழுகு விலகிய இடத்தை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, பிரஸ்ஸில் காகிதத்தில் அச்செடுக்கும் முறை.

கனவையும் மனநிலையையும் குறியீடுகளால் வரைந்த குறியீட்டிய (சிம்பலிஸ்ட்) ஓவியர்கள் பலர் அச்சுக்கலைக்கு வந்தார்கள், ஆனால் எல்லோரும் ஒரே வழியில் வரவில்லை. பிரெஞ்சு ஓவியர் ஓடிலோன் ரெடோன் போர்தோவில் ரொதோல்ஃப் பிரெஸ்தான் என்ற அச்சோவியரிடம் எட்சிங் கற்றவர். இருந்தும் அவர் பேர்பெற்ற கறுப்பு கல்லச்சிலிருந்து (லித்தோ) வந்தது, 1879இன் ‘கனவில்’ தொடரில் தொடங்கி. கரித்துண்டின் புகைபோன்ற அந்தக் கறுப்புதான் வேண்டும் என்பவர்கள் லித்தோ பக்கம் போகலாம். செம்பில் அதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு முறைகள்: கோட்டையும் அக்வாடின்டையும் (ரோசின் தூளைத் தூவி அரித்து, நுண்ணிய மணிகளால் நிழல் உண்டாக்குவது) சேர்க்கும் கிளிங்கரின் முறை, பென்சில் கோட்டை அப்படியே உலோகத்துக்கு மாற்றும் ஃபெலிசியன் ரோப்ஸின் மென்பூச்சு முறை.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கறுப்பு உலோகத்துக்குள் இருக்க வேண்டும், துடைக்கும் துணியில் அல்ல. பாரிஸில் 1860களிலிருந்து தகட்டின் மேல் மையை வேண்டுமென்றே மிச்சம் விட்டு மங்கலான மாலைப்பொழுதை உண்டாக்கும் வழக்கம் பரவியது. ஓகுஸ்த் தெலாத்ர் அதில் கைதேர்ந்த அச்சாளர். லுதோவிக் லெபிக் ஒரே தகட்டைத் துடைக்கும் விதத்தை மாற்றியே 85 வேறு காட்சிகளை எடுத்தார். அது அழகுதான், ஆனால் அது அச்சாளரின் வேலை. ‘கடத்தல்’ நம்மை நம்பவைப்பதற்குக் காரணம் வேறு. உடைந்த கண்ணாடியும் செடியின் இலைகளும் ஊசிக்கோட்டில் துல்லியமாக இருக்கின்றன, இரவு மட்டும் கோடே இல்லாத மணியாக நிற்கிறது. நம்பத்தகாத காட்சியை நம்பும்படி வரைவது என்றால் செயல்முறையில் இதுதான்.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கோடு, பிறகு மணி, பிறகு மெருகுக்கோலால் (மணியைத் தேய்த்து மழுக்கும் கருவி) வெளிச்சம், கடைசியில் ட்ரைபாயிண்ட், அதாவது அமிலமில்லாமல் ஊசியால் நேரே செம்பைக் கீறுவது. வரிசை மாறினால் பின்னால் வரும் வேலை முன்னதை அழித்துவிடும். அக்வாடின்ட் மணியின் மேல் மெழுகைப் பூசிக் கோடு இழுத்தால், ஊசி மணிக்கு மணி தட்டிக் குதிக்கும். ட்ரைபாயிண்டை முதலில் போட்டால் அதன் ஓரத்தில் எழும் உலோகப் பிசிர் அடுத்த அமிலக் குளியலில் கரைந்துபோகும்.

தகடு

1.2 மி.மீ. கனச் செம்புத் தகடு போதும், 1.6 இருந்தால் இன்னும் நல்லது. முதல் முயற்சிக்கு 12க்கு 18 செ.மீ. அளவு எடுங்கள். கூடவே அதே தகட்டிலிருந்து 5க்கு 18 செ.மீ. துண்டு ஒன்றும் வெட்டிக்கொள்ளுங்கள். அது சோதனைப் பட்டை. அதைத் தவிர்ப்பவர்கள்தான் பிற்பாடு முழுத் தகட்டையும் குப்பையில் போடுகிறார்கள்.

நான்கு விளிம்புகளையும் அரத்தால் 45 பாகைக்குச் சாய்த்து, மூலைகளை லேசாக உருட்டுங்கள். கூர்மையான விளிம்பு பிரஸ்ஸில் காகிதத்தை அறுக்கும், அதன்மேல் விரிக்கும் கம்பளியையும் அறுக்கும். கம்பளி தகட்டைவிட விலை அதிகம். சாய்ந்த பரப்பில் அரத்தின் தடம் இருந்தால் மை அதில் தங்கி, படத்தைச் சுற்றி அழுக்குக் கோடாக அச்சாகும். 400, 800, 1200 எண் நீர்க்காகிதங்களால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வரிசையாகத் தேய்த்து அந்தத் தடத்தைப் போக்கிவிடுங்கள்.

செம்பின் களிம்பை எடுக்க நம் வீடுகளில் குத்துவிளக்குக்குச் செய்வதே இங்கும் உதவும்: புளியும் உப்பும். ஆனால் புளியைக் கரைத்து வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். நார், ஓடு எதுவும் தகட்டின் மேல் படக்கூடாது, ஒரு கீறல்கூட அச்சில் தெரியும். அதன்பின் எண்ணெய்ப் பசை போக, சாக்பொடியில் சில துளி நீர்த்த அம்மோனியா கலந்து பஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். தகட்டைக் குழாயடியில் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. மெழுகு அந்த இடத்தில்தான் பின்னர் உரிந்துவரும்.

மெழுகுப்பூச்சும் கோடும்

பழைய செய்முறை எளிமையானது. தேன்மெழுகு 2 பங்கு, ஆஸ்பால்டம் (தார் போன்ற கறுப்புப் பொருள்) 2 பங்கு, ரோசின் 1 பங்கு. வயலின் வில்லில் தேய்க்கிறார்களே அதே ரோசின்தான், பொடித்த நிலையில். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து முதலில் மெழுகை உருக்குங்கள், ரோசினையும் ஆஸ்பால்டம் பொடியையும் சிறிது சிறிதாகச் சேருங்கள். வெதுவெதுப்பான நீரில் ஊற்றி எலுமிச்சை அளவில் உருட்டிக்கொள்ளலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பில் நேரடியாக உருக்க வேண்டாம்.

தகட்டை அடியிலிருந்து சூடாக்கி, உருண்டையை மேலே தேய்த்து, தோல் உருளையால் பரப்புங்கள். பூச்சு தேன் நிறத்தில், அடியிலுள்ள செம்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும். தடிப்பாகப் பூசினால் பாதுகாப்பு அதிகம் என்பது தவறான கணக்கு. தடித்த பூச்சு ஊசி படும்போது சில்லுகளாக உடைந்து, கோட்டின் ஓரம் பிசிறடிக்கும்.

பிறகு புகையேற்றுதல். தகட்டைக் கைவைஸில் (கையில் பிடிக்கும் சிறு இடுக்கி) தலைகீழாகப் பிடித்து, நாலைந்து மெழுகுத்திரிகளைக் கட்டாக எரியவிட்டு, சுடரின் நுனி மட்டும் படும்படி சுற்றிக்கொண்டே இருங்கள். கரி மெழுகோடு கலந்து பூச்சு பளபளக்கும் கறுப்பாகும். சுடரை ஓரிடத்தில் நிறுத்தினால் மெழுகு கருகி, பளபளப்பு போய் மங்கிவிடும். அந்த இடம் அமிலத்தைத் தாங்காது. பூச்சை அழித்து மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழி இல்லை.

படத்தை வலம் இடமாகத் திருப்பியே தகட்டுக்கு மாற்ற வேண்டும். ஊசியை அழுத்தாதீர்கள். அதன் வேலை மெழுகை விலக்குவது, ஆழம் அமிலத்தின் பொறுப்பு. கிளிங்கர் பாணிக்கு இரண்டு ஊசிகள் போதும்: தையல் ஊசியளவு ஒன்று, நுனியை மழுக்கிய தடித்தது ஒன்று. பொருள்களின் வெளிக்கோடு, துணியின் மடிப்பு, இலை, விரல் நகம் ஆகியவற்றைச் சலிக்காமல் வரையுங்கள். வானத்துக்கும் இருட்டுக்கும் ஒரு கோடும் வேண்டாம். குறுக்குக்கோடு போட்டு இரவை நிரப்ப கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அரிப்பு

அந்தக் காலத்தில் நைட்ரிக் அமிலமோ, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்த டச்சு மார்டன்டோதான். முதலாவதில் பழுப்பு நிற நச்சுப்புகை எழும், இரண்டாவதில் குளோரின் வாயு. வரலாற்று விசுவாசத்துக்காக நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடு இன்னும் சுத்தமான கோட்டைத் தரும். கட்டியாக வாங்கினால், தண்ணீரில் அதைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கரையும்போது நன்றாகச் சூடாகும், பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கரைசலின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 40 முதல் 42 காட்ட வேண்டும். ‘மெதுவாக அரிக்கட்டுமே’ என்று தண்ணீர் ஊற்றினால் நடப்பது தலைகீழ். 30 போமே பக்கம் வரும்போது செம்பை அது இன்னும் வேகமாகவும் கரடாகவும் தின்னும்.

பிளாஸ்டிக் தொட்டிதான் பயன்படுத்த வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் ஓட்டையாகிவிடும், அலுமினியத்தில் ஊற்றினால் கொதித்துச் சீறும். தகட்டின் பின்பக்கத்தைப் பார்சல் டேப்பால் மூடி, அதே டேப்பில் கைப்பிடி போல ஒரு வளையம் விட்டு, முகம் கீழே பார்க்கும்படி இறக்குங்கள். அடியில் தொடாமலிருக்க மூலைகளில் சிறு பிளாஸ்டிக் கட்டைகள் வைக்கலாம். முகம் மேலே இருந்தால் அரிப்பில் உண்டாகும் வண்டல் கோட்டுக்குள்ளேயே படிந்து, மேற்கொண்டு அரிப்பதைத் தடுக்கும். தகட்டைப் புரட்டிப் போட முடியாவிட்டால் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம்: முக்கால் லிட்டர் தண்ணீரில் கால் கிலோ சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, 4 லிட்டர் ஃபெரிக் குளோரைடில் ஊற்றுங்கள். வண்டல் கரைந்துவிடும், அரிப்பும் வேகமாகும்.

நேரம் வெப்பத்தைப் பொறுத்தது. 28 டிகிரி வாக்கில், 42 போமே கரைசலில், தூரத்துக் கோடுகளுக்கு 10 நிமிடம், நடுத்தரத்துக்கு 25, முன்பக்க அழுத்தமான கோடுகளுக்கு 50 முதல் 60 என்று தொடங்கலாம். சரியான கணக்கைச் சோதனைப் பட்டை சொல்லும். 10 நிமிடம் முடிந்ததும் தகட்டை எடுத்துக் கழுவி, உலர்த்தி, மெல்லிய கோடுகள் உள்ள பகுதியைத் தடுப்பு வார்னிஷால் மூடுங்கள். இதற்கு அவலரக்கு நல்லது. தச்சர்கள் பாலிஷ் போட வாங்குவார்களே, அதேதான். 100 கிராமை 400 மி.லி. ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்தால் போதும். டர்பன்டைனில் கரைத்த வார்னிஷை மெழுகின் மேல் தடவினால் அது மெழுகையும் சேர்த்துக் கரைக்கும்.

ஆழம் போதுமா என்று ஊசி நுனியைக் கோட்டில் லேசாக ஓட்டிப் பாருங்கள். ஊசி சிக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கரைசலின் துரு நிறத்தில் எல்லாக் கோடும் ஆழமாகத் தெரியும்.

அக்வாடின்ட்: இரவு உண்டாகும் இடம்

மெழுகை மண்ணெண்ணெயில் துடைத்து எடுத்து, மறுபடி எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். இனி ரோசின் தூள். அடைத்த மரப்பெட்டிக்குள் தூளைக் கிளப்பி, அது தகட்டின் மேல் பனிபோலப் படியவிட வேண்டும். தூளைக் கிளப்பியதும் தகட்டை உள்ளே வைத்துவிடாதீர்கள். பருத்த துகள்கள் முதலில் விழும். அரை நிமிடம் பொறுத்து வைத்தால் நடுத்தர மணி, ஒன்றரை நிமிடம் பொறுத்தால் மெல்லிய மணி. உள்ளே 5 முதல் 10 நிமிடம். வெளியே எடுத்து, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். தகட்டின் பாதிப் பரப்பைத் தூள் மூடியிருக்க வேண்டும், பாதி வெறும் செம்பு. ரோசின் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பும், காற்றில் மிதக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். துகள் முகமூடி அணியுங்கள், அதே அறையில் அடுப்பு எரியக்கூடாது.

தகட்டை மூச்சுக்காற்று படாமல் வேறிடத்துக்குக் கொண்டுபோய், கம்பி வலையின் மேல் வைத்து அடியிலிருந்து சூடு காட்டுங்கள். வெள்ளைத் தூள் கண்ணாடிபோலத் தெளிவாகும் நொடியில் சுடரை நகர்த்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து முழுப்படலமாகும். அமிலம் நுழைய இடமிருக்காது. சூடு குறைந்தால் துகள்கள் ஒட்டாமல் குளியலிலேயே கழன்று மிதக்கும். ஆறியபின் ஓரத்தில் விரலால் தேய்த்துப் பாருங்கள், ஒன்றும் வரக்கூடாது.

முழு வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களை அரிப்புக்கு முன்பே மூடிவிடுங்கள். கையுறை, நிலா, கண்ணாடியின் உடைந்த விளிம்பு போன்றவை. அவலரக்கு இங்கும் உதவும், ஆனால் ஸ்பிரிட் ரோசினையும் கரைக்கும் என்பதை மறக்கக்கூடாது. தூரிகையில் குறைவாக எடுத்து, ஒரே இழுப்பில் வையுங்கள். தேய்த்தால் ஓரத்து மணிகள் கரைந்து, வெள்ளையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் உண்டாகும்.

அரிப்பு நேரத்தை இரட்டித்துக்கொண்டே போகவேண்டும்: 30 நொடி, 1 நிமிடம், 2, 4, 8, 16. இவை குளியலில் கழியும் மொத்த நேரங்கள். அதாவது முதல் 30 நொடிக்குப் பின் ஒரு பகுதியை மூடி இன்னும் 30 நொடி, அடுத்ததை மூடி மேலும் 1 நிமிடம் என்று. 30 நொடிக்கும் 1 நிமிடத்துக்கும் இடையே தெரியும் வித்தியாசமே 8க்கும் 16க்கும் இடையே தெரியும், அதனால்தான் கூட்டாமல் இரட்டிக்கிறோம். ஆறு நிறங்களையும் பயன்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. கிளிங்கர் வழி இரவுக்கு மூன்று போதும்: வானத்துக்கு ஒன்று, அதைவிட ஒரு படி கூடிய நிழல், உள்ளறையின் முழுக் கறுப்பு. நிறங்கள் குறையும்போதுதான் மூடிய வடிவங்களின் ஓரம் கத்தரித்ததுபோல நிற்கும், கனவுக்கு அந்த விறைப்பு வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் முழுக் கறுப்பு. 16 நிமிடத்தில் கறுப்பு போதவில்லை என்று 40 நிமிடம் விடுவார்கள். அச்செடுத்தால் சாம்பல் நிறமும் அதைச் சுற்றி ஒரு கருவிளிம்பும் வரும். அமிலம் கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் அரிக்கிறது. ஒவ்வொரு ரோசின் துகளின் அடியிலும் ஒரு செம்புத் தீவு நிற்கிறது. பக்கச்சுவர் கரையக் கரையத் தீவுகள் சரிந்து, அந்தப் பகுதி வெறும் பள்ளமாகிறது. மையைப் பிடித்துவைக்கச் சுவர் இல்லாததால் துடைக்கும் துணி அதை அள்ளிக்கொண்டு போய்விடும். தீர்வு நேரத்தைக் கூட்டுவதில் இல்லை. 16 நிமிடத்தில் நிறுத்தி, ரோசினை ஸ்பிரிட்டில் கழுவி, இரண்டாவது முறை இன்னும் மெல்லிய மணி தூவி, கறுப்புப் பகுதியை மட்டும் திறந்துவிட்டு 6 முதல் 8 நிமிடம் அரியுங்கள். பருத்த மணிக்குள் மெல்லிய மணி விழுந்தால் வெல்வெட் கறுப்பு கிடைக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்திருங்கள். தீவுகள் நிற்கின்றனவா, சரிந்துவிட்டனவா என்று அதில் தெரிந்துவிடும்.

ரோப்ஸின் பென்சில்

ஃபெலிசியன் ரோப்ஸ் பெல்ஜியத்தின் நமூர் நகரத்துக்காரர். மென்பூச்சு முறையில் அவருக்கு இருந்த பித்து கொஞ்சநஞ்சம் அல்ல. லியேஜைச் சேர்ந்த அர்மாண் ரஸ்ஸன்ஃபோஸோடு சேர்ந்து பூச்சுகளைச் சோதித்து, இருவர் பெயரையும் ஒட்டி ‘ரோப்ஸன்ஃபோஸ்’ என்று ஒரு பூச்சுக்குப் பெயரும் வைத்தார். இதில் ஊசிக்கு வேலை இல்லை. பூச்சின் மேல் காகிதத்தைப் போர்த்தி, பென்சிலால் வரைந்தால், அழுத்தம் பட்ட இடத்துப் பூச்சு காகிதத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காகிதத்தின் சொரசொரப்பும் சேர்ந்தே வருவதால் கோடு பென்சில் கோடாகவே அச்சாகும்.

மேலே சொன்ன மெழுகு உருண்டையோடு கொழுப்பைச் சேர்த்தால் மென்பூச்சு. குளிர்நாட்டுக் கணக்கு குளிர்காலத்தில் சரிபாதி, கோடையில் இரண்டுக்கு ஒன்று. நம் ஊர் வெக்கைக்கு மூன்று பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு வாசலின் போதும். சித்திரை மத்தியானத்தில் அதுவும் அதிகம். அதிகாலையில் வேலை செய்யுங்கள். பூச்சு இளகியிருந்தால் காகிதம் வைத்தவுடனே எல்லா இடத்திலும் ஒட்டி, படம் முழுக்க ஒரு சாம்பல் மூட்டம் விழும்.

பூச்சின் மேல் கை படவே கூடாது. இரண்டு புறமும் கட்டை வைத்து, குறுக்கே ஒரு பலகை போட்டு, அதன்மேல் கையை ஊன்றி வரையுங்கள். காகிதத்தை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டினால், அவ்வப்போது தூக்கிப் பார்க்கலாம். HB பென்சில் மெல்லிய கோட்டுக்கு, 2B அகலக் கோட்டுக்கு. வழவழப்பான எழுதுதாள் வேண்டாம். லேசான வரிகள் ஓடும் மெல்லிய கைத்தாள் நல்லது. ரப்பரால் அழிக்க வழியில்லை. வேண்டாத கோட்டைத் தடுப்பு வார்னிஷால் மூடலாம்.

அரிப்பு நேரம் 15 முதல் 25 நிமிடம். குளியலில் தூரிகையோ இறகோ தொடக்கூடாது, பூச்சு வழித்துக்கொண்டு வரும். சரிகை, வலைத்துணி போன்றவற்றைப் பூச்சின் மேல் வைத்து பிரஸ்ஸில் லேசான அழுத்தத்தில் ஓட்டி நெசவைப் பதிப்பதும் இதே பூச்சில்தான். (கிளிங்கரை நினைத்துக்கொண்டு நிஜக் கையுறையை வைத்து அழுத்த ஆசை வரும். தையல் மடிப்பு தகட்டிலேயே பள்ளம் போடும், கம்பளிக்கும் கேடு.)

ஒரே தகட்டில் ஊசிக்கோட்டையும் பென்சில் கோட்டையும் கலக்க நினைத்தால், ஊசிக்கோடு முதலில், மென்பூச்சு அடுத்து, அக்வாடின்ட் அதற்கும் பிறகு.

வெளிச்சமும் பிசிரும்

ஒரு சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிட்டு இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். மெருகுக்கோலில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அக்வாடின்ட் தீவுகளை அழுத்தித் தேய்த்தால் அங்கே மை தங்குவது குறைந்து வெளிச்சம் பிறக்கும். மூடிய வார்னிஷின் கத்தரித்த ஓரத்துக்கும் இதன் மெல்லிய தேய்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்காகப் பயன்படுத்துங்கள். முகத்தைச் சுற்றி ஒளி, நிலாவைச் சுற்றி ஒரு மூட்டம், அதற்குமேல் வேண்டாம். எல்லா ஓரத்தையும் மெழுகிவிட்டால் படம் புகைப்படத்தின் நகல்போலத் தோற்றம் தரும். தேய்க்கும்போது பளபளப்பில் உண்மை நிறம் தெரியாது; கொஞ்சம் தேய்த்து, அச்செடுத்து, மறுபடி தேய்ப்பதே வழி.

ட்ரைபாயிண்ட் கடைசி. எஃகு ஊசியால் நேரே செம்பைக் கீறினால் ஓரத்தில் உலோகப் பிசிர் எழும். மையைப் பிடித்து மெத்தென்ற கறுப்பைத் தருவது அந்தப் பிசிர்தான். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1894இல் பெர்லினில் அச்சுக்கலையைத் தொடங்கியது ட்ரைபாயிண்டில்தான். பிசிர் பத்துப் பதினைந்து அச்சுக்குள் நசுங்கிவிடும். அதிகம் எடுக்க நினைத்தால் தகட்டின் மேல் மின்முலாமாக இரும்புப் படலம் ஏற்ற வேண்டும். 1850களின் கடைசியிலேயே பாரிஸில் இது வந்துவிட்டது, பெரிய பதிப்புகள் எடுக்க முடிந்தது அதனால்தான்.

அச்சு

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதத்தை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேல் ஈரம் மினுங்காத அளவுக்கு ஒற்றி எடுங்கள். முந்தைய நாளே நனைத்து பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தால் ஈரம் இன்னும் சீராக இருக்கும். காய்ந்த காகிதம் பள்ளத்துக்குள் இறங்காது, கோடு விட்டு விட்டு வரும். தண்ணீர் மினுங்கும் காகிதம் மையைத் தள்ளிவிடும், வெள்ளைப் புள்ளிகள் விழும்.

தகட்டைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, அட்டைத் துண்டால் மையைப் பள்ளங்களுக்குள் திணியுங்கள். பிறகு கஞ்சி போட்ட டார்லட்டன் (வலைபோன்ற பருத்தித் துணி) துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டமாகத் துடையுங்கள். மடிப்பு விரைப்பாக இருக்கட்டும். தொளதொளத்த துணி அக்வாடின்ட் பள்ளத்துக்குள் புகுந்து மையை உறிஞ்சும். கடைசித் துடைப்பு உள்ளங்கையால், சாக்பொடி துளி தொட்டு. வெள்ளைப் பகுதிகள் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். படம் வெளிறிப்போய், அங்கே துணியால் மையை இழுத்துக் கறுப்பாக்கத் தோன்றினால், தகட்டை மறுபடி அமிலத்துக்கு அனுப்புவதே சரி.

பிரஸ்ஸில் மூன்று கம்பளிகள். அச்சின் பின்புறத்தைத் தடவினால் கோடுகள் புடைத்துத் தெரிய வேண்டும், விளிம்புத் தடம் காகிதத்தைக் கிழிக்காமல் ஆழமாக விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக வந்தால் முதலில் உருளையின் இரு பக்கத் திருகுகளும் சமமா என்று பாருங்கள், மையைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

அந்தக் காலத்து அச்சுகளில் ஒரு மெல்லிய இரண்டாவது தாளைக் கனத்த தாளின் மேல் ஒட்டும் ஷீன் கோலே முறை பரவலாக இருந்தது. மெல்லிய தாள் நுண்கோட்டை இன்னும் கூர்மையாகப் பிடிக்கும், லேசான பழுப்புப் பின்னணியும் கிடைக்கும். 20 கிராம் எடையுள்ள ‘காம்பி’ (gampi) என்ற மெல்லிய ஜப்பானியத் தாளைத் தகட்டின் அளவுக்கு ஒரு மி.மீ. குறைவாக வெட்டி, பின்பக்கம் மெல்லிய கோதுமை ஸ்டார்ச் பசை தடவி, பசை மேலே பார்க்கும்படி மை போட்ட தகட்டின் மேல் வைத்து, அதன்மேல் ஈரக் காகிதம் போட்டு ஓட்டுங்கள். போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை வேண்டாம். அது பழுக்கும், ராமபாணப் பூச்சிக்கு விருந்தும் ஆகும்.

அச்சுகளை ஒற்றுத்தாள்களுக்கு இடையில் பலகை வைத்து ஒரு வாரம் உலரவிடுங்கள், முதல் மூன்று நாள் தாளைத் தினம் மாற்ற வேண்டும். தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, வாசலின் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள். கோடுகளுக்குள் காய்ந்த பழைய மை அடுத்த பதிப்பைக் கெடுக்கும்.

தீர்ந்துபோன ஃபெரிக் குளோரைடில் கரைந்த செம்பு இருக்கிறது. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக்கூடாது. அகலமான பிளாஸ்டிக் வாளியில், சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். நுரை பொங்கும், அது அடங்கினபின் அடுத்த கரண்டி. பொங்குவது நின்றதும் சேறு அடியில் தங்கும். அதைக் காயவைத்து, பெயர் எழுதி மூடிய டப்பாவில், ரசாயனக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.